குதிரை உயரம்: அங்குலமும் ஹேண்டும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒரு ஹேண்ட் என்பது எத்தனை அங்குலம்?

குதிரையின் உயரத்தைச் சொல்லும் அலகுதான் ஹேண்ட். அது சரியாக 4 அங்குலம். மூன்று ஹேண்ட் சேர்ந்தால் ஓர் அடி.

அங்குலத்தின் நீளம் 2.54 செ.மீ. என்று அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் 1959-இல் உடன்பட்டன. அந்தக் கணக்கில் ஒரு ஹேண்ட் 10.16 செ.மீ. ஆகிறது. தமிழில் சிலர் இந்த அலகைக் 'கை' என்றும் எழுதுவதுண்டு. சாண், முழம் ஆகியவற்றோடு அது குழம்பிவிடும் என்பதால் இங்கே ஹேண்ட் என்றே எழுதுகிறேன். சாண் சுமார் 9 அங்குலம், முழம் சுமார் 18 அங்குலம். ஹேண்ட் இந்த இரண்டையும்விடச் சிறியது.

அப்படியானால் அங்குலத்தை நாலால் வகுத்தால் வேலை முடிந்ததுதானே?

வகுப்பது வரை சரிதான். சிக்கல் விடையை எழுதும் விதத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு புள்ளியைச் சுற்றியே வருகின்றன.

62 அங்குலத்தை நாலால் வகுத்தால் 15.5. குதிரையோடு பழகியவர்கள் அதே உயரத்தை 15.2 என்று எழுதுவார்கள். இரண்டும் தவறில்லை. முதலாவது தசம எண்: பதினைந்தரை ஹேண்ட். இரண்டாவது 15 ஹேண்ட், அதற்கு மேல் 2 அங்குலம். ஹேண்டில் இருப்பது நாலு அங்குலம்தான் என்பதால் புள்ளிக்குப் பின்னால் 0, 1, 2, 3 மட்டுமே வர முடியும். 15.3-க்கு அடுத்த அங்குலம் 16.0.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 15.2 ஓவர் என்றால் பதினைந்து ஓவரும் இரண்டு பந்தும். 15.5-க்கு அடுத்து ஒரு பந்து வீசினால் 16. அங்கே ஆறு, இங்கே நாலு, அவ்வளவுதான் வேறுபாடு.

அங்குலத்திலிருந்து ஹேண்டுக்கு மாற்றும் வழி?

நாலால் வகுங்கள். ஈவைப் புள்ளிக்கு முன்னாலும் மீதியைப் புள்ளிக்குப் பின்னாலும் எழுதுங்கள். தசமத்துக்குப் போகவே வேண்டாம்.

57 அங்குலம்: ஈவு 14, மீதி 1. எனவே 14.1.
63 அங்குலம்: ஈவு 15, மீதி 3. எனவே 15.3.
64 அங்குலம்: ஈவு 16, மீதி இல்லை. எனவே 16.0. பேச்சில் 'பதினாறு ஹேண்ட்'.

அரை அங்குலம் வந்தால் பின்னமாகவே எழுதுவது வழக்கம். 58½ அங்குலம் 14.2½ ஆகும். தட்டச்சில் பின்னம் கிடைக்காதவர்கள் 14.2.5 என்று இரண்டு புள்ளி வைத்து எழுதுகிறார்கள். பார்க்க அழகாக இல்லை, ஆனால் தெளிவாக இருக்கிறது. 14.25 என்று மட்டும் எழுதாதீர்கள். அதைப் பதினாலேகால் ஹேண்ட் என்று படிப்பவர் 57 அங்குலம் என்று எடுத்துக்கொள்வார்.

ஹேண்டிலிருந்து அங்குலத்துக்கு?

புள்ளிக்கு முன்னால் உள்ளதை நாலால் பெருக்கி, பின்னால் உள்ளதைக் கூட்டுங்கள். 16.1 என்றால் 64 + 1 = 65 அங்குலம். மனக்கணக்குக்கு நாலால் பெருக்குவதைவிட இரண்டு முறை இரட்டிப்பது எளிது: 17, 34, 68.

நினைவில் வைக்க ஒரு நங்கூரம் வேண்டுமானால் 15 ஹேண்ட் என்பது 60 அங்குலம், அதாவது நேராக 5 அடி. 18 ஹேண்ட் 6 அடி. மற்றவற்றை இந்த இரண்டிலிருந்து கூட்டியோ கழித்தோ பிடித்துவிடலாம்.

அலகு மாற்றும் தளம் ஒன்று 15.75 என்று விடை தந்தது. இதை எப்படிப் படிப்பது?

பெரும்பாலான மாற்றிகள் ஹேண்டை மீட்டர், கிலோகிராம் போல ஒரு சாதாரண அலகாகவே நடத்துகின்றன. அங்குலத்தை 0.25-ஆல் பெருக்கித் தருவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். குதிரைக்காரர் எழுதும் முறை அவற்றுக்குத் தெரியாது. நீங்கள்தான் தசமப் பகுதியை நாலால் பெருக்கி அங்குலமாக்க வேண்டும். 0.75 × 4 = 3, எனவே 15.3.

.25 என்றால் .1, .5 என்றால் .2, .75 என்றால் .3. வேறு எண் வந்தால் அங்குலம் முழுதாக இல்லை என்று பொருள். 15.6 என்று வந்தால் 0.6 × 4 = 2.4 அங்குலம், அதாவது 15.2½-க்குச் சற்றுக் குறைவு.

ஒரு விளம்பரத்திலோ பட்டியலிலோ 15.5 ஹேண்ட் என்று இருந்தால்?

எழுதியவர் மாற்றியைப் பயன்படுத்தியிருக்கிறார். பெரும்பாலும் 15.2 என்பதைத்தான் சொல்ல வந்திருப்பார். 4 முதல் 9 வரை எந்த இலக்கம் புள்ளிக்குப் பின்னால் தனியாக வந்தாலும் அது குதிரைக் கணக்கு அல்ல என்பது பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தப்பும் தவறு வேறு. 15.2 என்று எழுதியிருக்கிறது, ஆனால் அது தசமமா, ஹேண்டும் அங்குலமுமா? தசமம் என்றால் 60.8 அங்குலம். மற்றது என்றால் 62. நடுவே 1.2 அங்குலம், சுமார் 3 செ.மீ. 15.3-க்கு இந்த இடைவெளி 1.8 அங்குலம், ஏறத்தாழ 4.6 செ.மீ. இத்தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்: குதிரை எழுத்தைத் தசமமாகப் படித்தால் குதிரை உண்மையைவிடக் குட்டையாகத் தெரியும், நெட்டையாக ஒருபோதும் தெரியாது. புள்ளிக்குப் பின்னால் 0 இருந்தால் மட்டும் இரண்டு வாசிப்பும் ஒன்றே.

சந்தேகம் வந்தால் அங்குலத்திலோ சென்டிமீட்டரிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சென்டிமீட்டரிலிருந்து நேராக ஹேண்டுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் 10.16-ஆல் வகுத்துக் கிடைப்பதை அப்படியே எழுதிவிடுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 165 செ.மீ.-ஐ 10.16-ஆல் வகுத்தால் 16.24. இதை மேலோட்டமாகப் பார்த்து 'பதினாறு இரண்டு' என்று சொல்லிவிட்டால் தவறு. 0.24 × 4 = 0.96 அங்குலம், ஆகவே அந்தக் குதிரை 16.1-ஐ ஒட்டியது. உண்மையான 16.2 என்பது 167.6 செ.மீ.

பாதுகாப்பான வழி அங்குலத்தில் ஒருமுறை இறங்கிச் செல்வது. 165-ஐ 2.54-ஆல் வகுத்தால் 64.96, முழுமையாக்கினால் 65. நாலால் வகுத்தால் 16, மீதி 1. முடிந்தது.

எதிர்த்திசையில் காகிதம் இல்லாமலே போகலாம். 16.2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 16-ஐப் பத்தால் பெருக்கினால் 160. ஒவ்வொரு ஹேண்டுக்கும் 1.6 மி.மீ. கூடுதல் என்பதால் மேலும் 2.6 செ.மீ. மிச்சமுள்ள இரண்டு அங்குலத்துக்கு 5 செ.மீ. மொத்தம் 167.6.

அடிக்கடி வரும் உயரங்களை ஒரே இடத்தில் தர முடியுமா?

12.0 – 48 அங்குலம் – 121.9 செ.மீ.
12.2 – 50 அங்குலம் – 127.0 செ.மீ.
13.0 – 52 அங்குலம் – 132.1 செ.மீ.
13.2 – 54 அங்குலம் – 137.2 செ.மீ.
14.0 – 56 அங்குலம் – 142.2 செ.மீ.
14.2 – 58 அங்குலம் – 147.3 செ.மீ.
15.0 – 60 அங்குலம் – 152.4 செ.மீ.
15.2 – 62 அங்குலம் – 157.5 செ.மீ.
16.0 – 64 அங்குலம் – 162.6 செ.மீ.
16.2 – 66 அங்குலம் – 167.6 செ.மீ.
17.0 – 68 அங்குலம் – 172.7 செ.மீ.
18.0 – 72 அங்குலம் – 182.9 செ.மீ.

இடைப்பட்ட ஒவ்வோர் அங்குலத்துக்கும் இரண்டரை செ.மீ. கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டு குதிரைகளின் உயரத்தை ஒப்பிடவோ சராசரி எடுக்கவோ ஹேண்டிலேயே கணக்குப் போடலாமா?

எது உயரம் என்று ஒப்பிடலாம். வரிசைப்படுத்தலாம். 15.3 எப்போதும் 16.0-க்குக் கீழேதான் வரும், அதில் பிசகு நேராது. கூட்டல், கழித்தல், சராசரி என்று இறங்கினால்தான் எல்லாம் கெட்டுப்போகும்.

மூன்று குதிரைகள்: 15.3, 16.0, 16.1. அப்படியே கூட்டி மூன்றால் வகுத்தால் 15.8. அப்படி ஓர் உயரமே கிடையாது. அங்குலத்தில் 63, 64, 65. சராசரி 64, அதாவது 16.0. நடுக்குதிரையின் உயரமே சராசரி என்பது அங்குலத்தில் பார்த்தால் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

வளர்ச்சிக் கணக்கிலும் இதேதான். ஒரு குட்டி 13.3-இலிருந்து 15.1-க்கு வளர்ந்தால் 1.8 வளர்ந்ததாகச் சிலர் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறார்கள். 55-இலிருந்து 61 வரை, 6 அங்குலம் வளர்ந்திருக்கிறது. ஹேண்டில் சொன்னால் 1.2.

எக்செல் போன்ற விரிதாளில் எப்படிப் பதிவது?

அங்குலத்தில் பதியுங்கள், அல்லது சென்டிமீட்டரில். ஹேண்ட் என்பது மனிதர் பார்ப்பதற்கான பத்தியாக மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே ஹேண்டில் நிரப்பிய தாள் கையில் வந்துவிட்டதா? முழு எண் பகுதியை நாலால் பெருக்குங்கள். மூல எண்ணிலிருந்து முழு எண்ணைக் கழித்து, மிச்சத்தைப் பத்தால் பெருக்கி, முழுமையாக்கி, முன்னதோடு கூட்டுங்கள். முழுமையாக்கும் படியை விட்டுவிடாதீர்கள். கணினி 15.3-இலிருந்து 15-ஐக் கழித்தால் துல்லியமாக 0.3 வராது, கடைசி இலக்கங்களில் சிறு எச்சம் ஒட்டிக்கொள்ளும். இந்த வழி அரை அங்குலம் இல்லாத தாளுக்கு மட்டும் பொருந்தும். 14.2½, 14.2.5 போன்றவை எண்ணாகவே ஏறாமல் எழுத்தாகத்தான் ஏறியிருக்கும், அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

இன்னொரு விபத்தும் உண்டு. தேதியைப் புள்ளி வைத்து எழுதும் நாடுகளின் அமைப்பில் விரிதாள் இருந்தால், 14.2 என்று தட்டியதும் அது பிப்ரவரி 14 ஆகிவிடும்.

உயரத்தைக் குதிரையின் எந்த இடத்தில் எடுப்பது?

தலையில் அல்ல. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், இரண்டு தோள் எலும்புகளுக்கும் நடுவே ஒரு மேடு இருக்கும். அந்தத் தோள்மேட்டின் உச்சியிலிருந்து தரை வரை நேர்க்குத்தாக அளக்க வேண்டும். தலையைக் குதிரை தூக்கும், தாழ்த்தும், ஆட்டும். அதை வைத்து அளந்தால் ஒரே நிமிடத்தில் மூன்று விடை கிடைக்கும். தோள்மேடு அப்படி அலைவதில்லை. தலையை மிக உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ அதுவும் சற்று மாறும் என்பதால் இயல்பாக நிற்கும்போது அளப்பார்கள்.

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். நாலு காலும் நேராக ஊன்றியிருக்க வேண்டும். அளவுகோலின் குறுக்குச் சட்டத்தில் ரசமட்டம் இருந்தால் நல்லது, சட்டம் சரிந்தால் அங்குலம் பறிபோகும். தையல் டேப்பை உடம்போடு ஒட்டி வளைத்து அளப்பது உயரத்தைக் கூட்டிக் காட்டும். ஜெர்மனியில் கோலால் எடுத்த உயரம் 'ஸ்டாக்மாஸ்', நாடாவால் எடுத்தது 'பாண்ட்மாஸ்' என்று இரண்டையும் தனித்தனியே குறிப்பார்கள். அங்கிருந்து வரும் எண்ணை ஹேண்டாக மாற்றுமுன் எது என்று பாருங்கள்.

லாடம் கணக்கில் சேருமா?

சேரக் கூடாது. லாடம் கட்டிய நிலையில் அளந்தால் அதன் கனத்தைக் கழிக்க வேண்டும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு மட்டக்குதிரைகளுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு லாடமில்லாமல் 148 செ.மீ., லாடத்தோடு 149 செ.மீ. அதாவது லாடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டுக்கொடுக்கிறார்கள். குளம்பு வெட்டாமல் வளர்ந்திருந்தாலும் உயரம் கூடித் தெரியும்.

14.2 என்ற எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

பல நாடுகளில் மட்டக்குதிரைக்கும் குதிரைக்கும் நடுவே போட்ட கோடு அது. மட்டக்குதிரை, அதாவது போனி என்று போட்டிகளில் சொல்லப்படுவது 14.2 வரை. அதைத் தாண்டினால் குதிரை. அரை அங்குலத்தில் போட்டிப் பிரிவே மாறிவிடும் என்பதால் மற்ற உயரங்களைப் பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள்கூட இங்கே மட்டும் கோலை எடுப்பார்கள்.

கவனியுங்கள்: 14.2 என்பது 147.32 செ.மீ. கூட்டமைப்பின் வரம்போ 148. அங்குலத்தில் அது 58¼-ஐச் சற்றுத் தாண்டுகிறது. பிரிட்டனில் போனிகளுக்கான தாண்டுதல் போட்டிகளில் 128, 138, 148 செ.மீ. என்று மூன்று பிரிவுகள் உண்டு. இவை பழைய 12.2, 13.2, 14.2 வரம்புகளோடு பொருந்துபவை. மூன்றுமே பழைய வரம்பைவிடச் சுமார் 0.7 செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை தாராளம். ஆகவே '14.2-ம் 148-ம் ஒன்று' என்று எடுத்துக்கொண்டு மாற்றினால் ஒரு செ.மீ.-க்குள் தவறு வரும். பேச்சுக்கு அது பொருட்டில்லை, சான்றிதழுக்குப் பொருட்டு.

உயரம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்துக் குதிரைகளில் பல 14 ஹேண்டைக்கூட எட்டாதவை. அவற்றைப் போனி என்று அவற்றை வளர்ப்பவர்கள் முன்னால் சொல்லிப் பார்க்காதீர்கள்.

ஏன் நாலு அங்குலம்? இந்த அலகு எங்கிருந்து வந்தது?

கட்டைவிரலைச் சேர்த்து மடக்கிய உள்ளங்கையின் அகலம். கருவி இல்லாத இடத்தில், குளம்பிலிருந்து தோள்மேடு வரை கைமேல் கை வைத்து ஏறிக்கொண்டே போனால் உயரம் வந்துவிடும். கோலைத் தேட வேண்டியதில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் கை வேறுபடும், வாங்குபவர் கை பெரிதாகவும் விற்பவர் கை சிறிதாகவும் இருந்தால் வம்புதான்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 16ஆம் நூற்றாண்டில் குதிரை வளர்ப்பு பற்றிச் சட்டங்கள் கொண்டுவந்தார். போருக்கு ஏற்ற பெரிய குதிரைகள் குறைந்துவருகின்றன என்பது அவர் கவலை. பெண்குதிரைகள் இத்தனை ஹேண்ட் இருக்க வேண்டும், குட்டையான ஆண்குதிரைகளைப் பொது மேய்ச்சல் நிலத்தில் விடக் கூடாது என்றெல்லாம் விதிக்க வேண்டுமானால் ஹேண்ட் என்பது எவ்வளவு என்று முதலில் உறுதியாக வேண்டுமே. அப்போது நாலு அங்குலம் என்று நிலைத்ததுதான் இன்றுவரை நீடிக்கிறது.

உடலை வைத்து அளப்பது அதைவிட மிகப் பழையது. பண்டைய எகிப்தில் நாலு விரல் அகலம் ஓர் உள்ளங்கை, ஐந்து விரல் அகலம் ஒரு கை, ஏழு உள்ளங்கை ஓர் அரசமுழம். அந்த ஐந்து விரல் கை சுமார் 9.4 செ.மீ.; இன்றைய ஹேண்டுக்குச் சற்றுக் குறைவு.

எல்லா நாட்டிலும் ஹேண்ட்தானா?

இல்லை. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் பேச்சும் விளம்பரமும் ஹேண்டில் நடக்கும். ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் சர்வதேசப் போட்டிகளிலும் சென்டிமீட்டர். ஆங்கிலத்தில் எண்ணுக்குப் பின்னால் வரும் 'எச்.எச்.' என்ற சுருக்கம் ஹேண்ட் உயரம் என்பதைக் குறிக்கும், வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

கழுதை, கோவேறு கழுதை, நாய்?

முதல் இரண்டுக்கும் ஹேண்ட் புழங்குகிறது. நாய்க்கு இல்லை, அங்குலமோ சென்டிமீட்டரோதான்.

மிகச் சிறிய குதிரைகளை ஏன் அங்குலத்தில் சொல்கிறார்கள்?

சிறிய உயரத்தில் ஒவ்வோர் அங்குலமும் பெரிய விஷயம், ஹேண்ட் அதற்கு முரட்டு அலகு. ஷெட்லாண்ட் போனிக்குப் பிரிட்டனில் உச்சவரம்பு 42 அங்குலம். அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் வரம்பு 34 அங்குலம். இவற்றை 10.2, 8.2 என்று எழுதலாம், கணக்கு சரிதான், ஆனால் அப்படி யாரும் எழுதுவதில்லை. மினியேச்சர் குதிரையில் இன்னொரு கண்ணி: அந்தச் சங்கம் தோள்மேட்டின் உச்சியில் அளப்பதில்லை, பிடரி மயிர் முடியும் கடைசி இடத்தில் அளக்கிறது. ஆகவே அதே குதிரையை வழக்கமான முறையில் அளந்தால் வேறு எண் வரும்.

மனிதரோடு ஒப்பிட்டால் 17 ஹேண்ட் எவ்வளவு உயரம்?

68 அங்குலம், அதாவது 5 அடி 8 அங்குலம். அந்த உயரமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்றால் அவர் உச்சந்தலையும் குதிரையின் தோள்மேடும் ஒரே மட்டத்தில் இருக்கும். தலையும் கழுத்தும் அதற்கு மேலே. புகைப்படத்தைப் பார்த்து உயரத்தை மதிப்பிடுபவர்கள் காதை வைத்து மதிப்பிட்டு ஏமாறுவது இதனால்தான்.

பெயர்பெற்ற சில குதிரைகளின் உயரத்தை மாற்றிக் காட்ட முடியுமா?

1930-இல் மெல்போர்ன் கோப்பையை வென்ற ஃபார் லாப் 17.1, அதாவது 69 அங்குலம். 1973-இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரடேரியட் 16.2, அதாவது 66 அங்குலம். 1933-இல் இங்கிலாந்தின் டெர்பியை வென்ற ஹைபீரியன் 15.1½ மட்டுமே: 61½ அங்குலம். ஃபார் லாப்புக்கும் ஹைபீரியனுக்கும் ஏழரை அங்குல வித்தியாசம், ஹேண்டில் 1.3½.

பதிவான குதிரைகளில் மிக உயரமானது 1846-இல் இங்கிலாந்தில் பிறந்த ஷயர் இனத்து சாம்சன். 21.2½. கணக்கிட்டால் 84 + 2½ = 86½ அங்குலம், சுமார் 219.7 செ.மீ. அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்த பெல்ஜிய இனத்து பிக் ஜேக் 20 ஹேண்ட் 2¾ அங்குலம். இதை 20.2 என்று சுருக்கி, பிறகு அதையே தசமமாக எடுத்தால் 205 செ.மீ. ஆகிவிடும். 82¾ அங்குலம் என்பது 210 செ.மீ.

மறுமுனையில் உலகின் மிகச் சிறிய குதிரையாக 2006-இல் பதிவான தம்பலினா 17½ அங்குலம். ஹேண்டில் 4.1½.